பெயர் மறந்த படமும் இரட்டை வால் விமானமும்

"அந்த நாளில் ஓர் இங்கிலீஷ் படம் பார்த்தேன்..." என்று ஆரம்பிக்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் கட்டாயம் இருப்பார். மாமனாராக இருக்கலாம், பெரியப்பாவாக இருக்கலாம், ஏன், உங்கள் தாயாராகவே இருக்கலாம். இராச் சாப்பாடு முடிந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற சமயத்தில்தான் அந்தப் படம் அவருக்கு ஞாபகம் வரும்.

"என்ன படம்?" என்று கேட்பீர்கள்.

"பெயர்தான் வாயில் வர மாட்டேன் என்கிறது."

"நடித்தது யார்?"

"ஒருவன் ஒல்லியாக, உயரமாக இருப்பான். பல நாள் சவரம் செய்யாத முகம்."

"கதையாவது ஞாபகம் இருக்கிறதா?"

"ஒரு சாமான் விமானம். பாலைவனத்தில் விழுந்துவிடுகிறது. விழுந்த விமானத்தைப் பிரித்து, அதிலிருந்தே இன்னொரு விமானம் கட்டுகிறார்கள். விழுந்த விமானத்துக்கு இரண்டு வால்!"

அவ்வளவுதான், குழந்தைகள் கொல்லென்று சிரித்துவிடுவார்கள். இரண்டு வால் விமானமா? பாட்டி கதையில் வரும் இரண்டு தலைப் பாம்பு மாதிரி அல்லவா இருக்கிறது! சொன்னவரின் முகம் சுண்டிப் போகும். "என்னவோ போங்கள், கனவுதான் கண்டேனோ என்னவோ" என்று முணுமுணுத்துக் கொண்டே படுக்கப் போய்விடுவார்.

சகோதரிகளே, அவரை அப்படிப் போக விடாதீர்கள்! அவர் கனவு காணவில்லை. நடிகர் பெயர், டைரக்டர் பெயர், வருஷம் எல்லாவற்றையும்விட உயர்ந்த துப்பு ஒன்றை அவர் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு வாலைப் பிடித்துக் கொண்டே படத்தின் வாசல் வரைக்கும் போய்விடலாம். எப்படி என்று பார்ப்போமா?

ஞாபகம் என்னும் பரண்

மனிதனுடைய ஞாபகம் நம் வீட்டுப் பரண் மாதிரி. தேடுகிற பொருள் அகப்படாது. இட்டிலிப் பானையைத் தேடி ஏறினால், காலொடிந்த மரப்பாச்சிதான் கையில் தட்டுப்படும். படத்தின் பெயரும் நடிகர்களின் பெயரும் விளம்பரத்தில் படித்தவை. படித்தது சீக்கிரம் போய்விடும். அதுவரை கண்டிராத ஒரு வடிவத்தைக் கண் பார்த்து ஒரு நிமிஷம் பிரமித்துப் போனால், அது மட்டும் நாற்பது, ஐம்பது வருஷம் ஆனாலும் பரணின் மூலையில் பத்திரமாகக் கிடக்கும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பரணில் உள்ள சாமான்கள் ஒன்றோடொன்று கலந்து போகும். ஒரு படத்தின் விமானமும் இன்னொரு படத்தின் பாலைவனமும் ஒட்டிக் கொள்ளும். வர்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளைப் படம் என்று சத்தியம் செய்வார்கள். அதை உடனே பொய் என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் வர்ணம் வந்ததே 1982-ல்தான். அதற்கு முன் வீட்டுப் பெட்டியில் பார்த்தவர்களுக்கு எந்தப் படமும் கறுப்பு வெள்ளைதானே! ஆகையால் நிறத்தை நம்பி எந்தப் படத்தையும் தள்ளிவிட வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

'யார் நடித்தது?' என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். தெரிந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். தெரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கோபம்தான் வரும். விமானத்தைப் பற்றிக் கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

முதல் கேள்வி: எஞ்சின் எத்தனை?

மூக்கில் ஒன்று, இறக்கைக்கு ஒன்று வீதம் மூன்று என்று சொல்கிறாரா? விமானத்தின் உடம்பு தகரக் கூரை மாதிரி வரி வரியாக இருந்ததா? அது ஃபோர்டு கம்பெனி செய்த பழைய மூன்று எஞ்சின் விமானம். ஷாங்காயில் ஏறிய கதாநாயகனை நடு ஆகாயத்தில் விட்டுவிட்டு விமானிகள் குதித்து ஓடிவிட, அவன் ரப்பர்ப் படகை விரித்துக் கொண்டு பனிமலையில் சறுக்கியிருந்தால், சந்தேகமே வேண்டாம். 1984-ல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்டு தி டெம்பிள் ஆஃப் டூம்'தான்.

நான்கு எஞ்சின், குண்டு விழுந்து இடிந்த நகரம், உணவும் நிலக்கரியும் சுமந்து ஓயாமல் வந்திறங்கும் விமானங்கள் என்றால், 1950-ல் வந்த 'தி பிக் லிஃப்ட்'. பெர்லின் நகரத்தின் மேற்குப் பகுதிக்குப் போகும் தரை வழிகளை 1948-ல் ரஷ்யர்கள் அடைத்துவிட்டார்கள். அப்போது ஆகாய மார்க்கமாகவே ஓர் ஊருக்குச் சோறு போட்டார்கள். அந்தக் கதையில் மாண்ட்கோமரி கிளிஃப்ட் நடித்தார்.

இரண்டாவது கேள்வி: விழுந்த இடம் பனியா, மணலா?

பனி என்றால், 1953-ல் ஜான் வெய்ன் நடித்த 'ஐலண்ட் இன் தி ஸ்கை'யாக இருக்கலாம். அதில் வருவது நாம் 'டகோட்டா' என்று செல்லமாக அழைத்த ரகம். கனடாவின் லாப்ரடார் பிரதேசத்துப் பனிக்காட்டில் இறங்கிவிட்ட ஐந்து பேரைச் சக விமானிகள் தேடி அலைவார்கள்.

மூன்றாவது கேள்வி: உள்ளே இருந்தவர்கள் யார்?

விலங்கு மாட்டிய கைதிகள் என்றால், அது அவ்வளவு பழைய படம் அல்ல. 1997-ல் வந்த 'கான் ஏர்'.

நான்காவது கேள்வி: வால் எப்படி இருந்தது?

'இரண்டு' என்று விரலைக் காட்டினால், நாம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

பெட்டிக்கு இரண்டு கை

வாஸ்தவத்தில் அது இரண்டு வால் அல்ல. வாலைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு நீளக் கைகள். இதற்குக் காரணம் கேட்டால், 'அடடா, என்ன சாமர்த்தியம்!' என்பீர்கள்.

சாதாரண விமானத்தில் வால், உடம்பின் பின்பக்கத்தோடு சேர்ந்திருக்கிறது. அதனால் கதவைப் பக்கவாட்டில்தான் வைக்க முடியும். ஆட்கள் ஏறுவதற்கு அது போதும். ஒரு ஜீப்பையோ, பெரிய யந்திரத்தையோ பக்கக் கதவு வழியாக எப்படி ஏற்றுவது? குறுகலான மாடிப்படியில் பீரோவை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

அமெரிக்காவின் ஃபேர்சைல்டு கம்பெனிக்காரர்கள் இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஓர் உபாயம் செய்தார்கள். உடம்பை வெறும் பெட்டியாக வைத்துக் கொண்டார்கள். இரண்டு எஞ்சின்களுக்கும் பின்னாலிருந்து இரண்டு கைகளை நீட்டி, அந்தக் கைகளின் நுனியில் வாலைப் பொருத்தினார்கள். இப்போது பெட்டியின் பின்பக்கம் முழுவதும் காலி! அங்கே இரட்டைக் கதவு போட்டு, தரையையும் தாழ்வாக வைத்தார்கள். லாரி பின்னாலேயே வந்து நின்று, மூட்டையை நேரே உள்ளே தள்ள வேண்டியதுதான்.

அந்த விமானம் முதன் முதலில் பறந்தது 1944 செப்டம்பர் 10-ந் தேதி. சி-82 என்பது இலக்கப் பெயர். 'பாக்கெட்' என்பது அழைக்கும் பெயர். யுத்தம் முடிந்துவிட்டதால் 220-க்குச் சற்று அதிகமாகத்தான் செய்தார்கள். பிறகு அதைத் திருத்தி, இன்னும் பலம் கொடுத்து, சி-119 என்ற தம்பியைக் கொண்டுவந்தார்கள்.

இந்தத் தம்பி நமக்கும் உறவுதான்! 1954 முதல் பல வருஷங்கள் நம் விமானப் படையில் உழைத்திருக்கிறது. நம்மவர்களும் அதைப் 'பாக்கெட்' என்றே அழைத்தார்கள். லடாக் மலைகளுக்குச் சாமான் சுமப்பதற்காக, அதன் முதுகில் ஒரு சிறிய ஜெட் எஞ்சினையும் ஏற்றினார்கள். 1962 ஜூலை 23-ந் தேதி, 16,000 அடிக்கும் மேலே உள்ள தௌலத் பேக் ஓல்டியில் நம் 'பாக்கெட்' ஒன்று போய் இறங்கியது. விமானப் படையில் வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இரட்டை வால் என்றதும் அவர் சிரிக்க மாட்டார், நிமிர்ந்து உட்காருவார்!

அந்தப் படம் இதுதான்

'தி ஃபிளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்'. 1965-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் வெளியான படம். ராபர்ட் ஆல்ட்ரிச் டைரக்ட் செய்தார். எல்ஸ்டன் டிரெவர் என்ற இங்கிலீஷ் நாவலாசிரியர் 1964-ல் எழுதிய கதை. தன் சாம்பலிலிருந்தே மறுபடி உயிர் பெற்று எழுகிற புராணப் பறவைக்கு ஃபீனிக்ஸ் என்று பெயர். பெயரிலேயே கதை இருக்கிறது அல்லவா?

சகாராவில் உள்ள எண்ணெய்க் கிணறுகளிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்களை ஏற்றிக் கொண்டு ஒரு பழைய 'பாக்கெட்' கிளம்புகிறது. ஓட்டுகிறவர் கிழச் சிங்கம் மாதிரி ஒரு விமானி. அதுதான் உங்கள் பெரியவர் சொன்ன ஒல்லி மனிதர், ஜேம்ஸ் ஸ்டுவர்ட். நிஜ வாழ்க்கையிலும் அவர் உலக யுத்தத்தில் குண்டு வீச்சு விமானம் ஓட்டியவர். மணற்புயல் வருகிறது. எஞ்சின்கள் மணலைக் குடித்து நின்றுவிடுகின்றன. விமானம் பாலைவனத்தில் மோதி இறங்குகிறது.

சாப்பிடப் பேரீச்சம்பழம் வேண்டிய மட்டும் இருக்கிறது. தண்ணீர்தான் அளந்து குடிக்கும்படி இருக்கிறது. தேடி வருவார் யாரும் இல்லை. நடந்து போய்த் தப்பலாம் என்று பார்த்தவர்களுக்கும் பலன் இல்லை. அப்போது ஓர் ஜெர்மன் இளைஞன் (ஹார்டி க்ரூகர்) கையில் காகிதத்தோடு வந்து, "கணக்குப் போட்டுவிட்டேன். புது விமானம் கட்டலாம்" என்கிறான்.

இங்கேதான் அந்த இரண்டு வாலின் மகிமை. சாதாரண விமானம் என்றால் உடம்பு உடைந்ததும் கதை முடிந்தது. 'பாக்கெட்'டிலோ ஒவ்வொரு கையும் முன்னால் ஓர் எஞ்சினும் பின்னால் ஒரு வாலும் கொண்டு, தனித்தனியே பாதி விமானம் மாதிரி இருக்கிறது. நடுப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு கையை மட்டும் எடுத்துக் கொண்டு, இரண்டு இறக்கைகளின் வெளிப் பகுதியையும் அதில் பொருத்தினால்? ஒற்றை எஞ்சின் விமானம்! பிழைத்தவர்கள் இறக்கையின் மேலேயே படுத்துக் கொள்ள வேண்டியதுதான். ஆகவே அந்த விமானம் வெறும் காட்சிப் பொருள் அல்ல. அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. உங்கள் பெரியவரின் மனம் நடிகர்களை உதறிவிட்டு அதை மட்டும் பிடித்து வைத்துக் கொண்டதில் என்ன ஆச்சரியம்?

வேலை சுலபமாக நடக்கிறதா? அனுபவம் பேசுகிற கிழவருக்கும் கணக்குப் பேசுகிற இளைஞனுக்கும் ஒரு நிமிஷம்கூட ஒத்துப் போவதில்லை. "எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்!" என்று இவர்; "எண்கள் பொய் சொல்லாது" என்று அவன். நடுவில் நின்று இருவருக்கும் சமாதானம் சொல்லி, வேலை நின்று போகாமல் பார்த்துக் கொள்கிறார் விமானத்தின் நாவிகேட்டர். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே நம் வீட்டுத் தாய்மார்கள் தினந்தோறும் செய்கிற அதே உத்தியோகம்! அந்த வேஷத்தில் நடித்த ரிச்சர்ட் அட்டன்பரோவை நமக்கு நன்றாகத் தெரியும். பின்னால் 1982-ல் 'காந்தி' படத்தை டைரக்ட் செய்தவர் அவர்தான்.

விமானம் முக்கால்வாசி முடிந்த பிறகு ஓர் இடி விழுகிறது. அந்த இளைஞன் இதுவரை கட்டியதெல்லாம் பொம்மை விமானங்களாம்! மற்றவர்கள் தலையில் கை வைத்துக் கொள்ளும்போது அவன் சிறிதும் அசராமல் விளக்கம் சொல்கிறான். பொம்மை விமானத்தில் தவறைத் திருத்த விமானி கிடையாது. ஆகையால் அதைத்தான் இன்னும் கவனமாகக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும் என்கிறான். யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே?

கடைசியில் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். வேட்டு மாதிரி வெடித்து எஞ்சினைச் சுழற்றி விடுகிற தோட்டாக்கள் அவர்களிடம் இருப்பவை ஏழே ஏழு. நான்கு வீணாகிவிடுகின்றன. ஐந்தாவதைக் கிழவர் வேண்டுமென்றே வீணாக்குகிறார்! இளைஞன் அலறுகிறான். மிச்சம் இரண்டு. ஆறாவது தோட்டாவை வெடிக்கிறபோது என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. படத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ளுங்கள்.

இரண்டு ஃபீனிக்ஸ்

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். இதே பெயரில், இதே கதையில் 2004-ல் இன்னொரு படம் வந்தது. எது எது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும்.

விழுந்தவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தாளா? இருந்தால் 2004-ம் வருஷப் படம். முதல் படத்தில் அப்படி ஒருத்தியும் கிடையாது. தாகத்தில் தவிக்கிற ஒருவனுக்குக் கானல் நீரில் ஒரு நடனக்காரி தெரிவாள், அவ்வளவுதான். பாலைவனமும் வேறு. முதல் கதை சகாராவில் நடக்கிறது; இரண்டாவது மங்கோலியாவின் கோபியில்.

அடுத்த சோதனை விமானி உட்காரும் இடம். முதல் படத்தின் சி-82-ல் அது பெட்டியின் தலைமேல் மச்சு அறை மாதிரி உயர்ந்து நிற்கும். இரண்டாவது படத்தில் வருவது தம்பி சி-119. அதில் விமானியின் இடம் முன்னால் வந்து மூக்கோடு இழைந்திருக்கும். இந்த வித்தியாசத்தை ஒரு காகிதத்தில் கிறுக்கிக் காட்டினால், பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார்.

யாருக்கும் நினைவில்லாத பெயர்

படத்தின் பெயரைக் கண்டுபிடித்தாயிற்று. இவ்வளவு சிரமம் எதற்காக என்று யாராவது கேட்டால், அதற்கும் ஒரு பதில் இருக்கிறது.

திரையில் ஃபீனிக்ஸ் பறப்பது தந்திரக் காட்சி மட்டும் அல்ல. படத்துக்காக நிஜமாகவே ஓர் ஒட்டு விமானம் கட்டினார்கள். பயிற்சி விமானம் ஒன்றின் எஞ்சின், வேறொரு விமானத்தின் இறக்கை என்று கதையில் வருவது போலவே கட்டிய விமானம். கட்டிக் கொடுத்தது ஃபிராங்க் டால்மன், பால் மாண்ட்ஸ் என்ற இரண்டு சாகச விமானிகளின் கம்பெனி. மாண்ட்ஸ் சினிமாவுக்காக விமானம் ஓட்டுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். புகழ் பெற்ற பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட்டுக்கு ஆலோசகராக இருந்தவர். 'ட்வெல்வ் ஓ'கிளாக் ஹை' என்ற 1949-ம் வருஷப் படத்துக்காக, நான்கு எஞ்சின் உள்ள பெரிய குண்டு வீச்சு விமானத்தைத் தன்னந்தனியாக ஓட்டி வந்து, சக்கரத்தை விரிக்காமலே தரையில் மோதி இறக்கிக் காட்டியவர்.

ஃபீனிக்ஸை டால்மன் ஓட்டுவதாக இருந்தது. அவருக்குக் காலில் அடிபட்டுவிட்டதால் மாண்ட்ஸ் ஏறினார். அவருக்கு அப்போது வயது 61.

1965 ஜூலை 8-ந் தேதி. கலிபோர்னியாவும் அரிஜோனாவும் சந்திக்கிற இடத்தில் உள்ள மணல் மேடுகள். தரையைத் தொட்டாற்போல் வந்து மேலே எழும்புகிற காட்சி. ஒரு தடவை எடுத்தாகிவிட்டது. இன்னொரு தடவை எடுக்கிறபோது விமானம் ஒரு சிறு மேட்டில் தட்டியது. மேலே எழுப்புவதற்காக மாண்ட்ஸ் எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினார். ஒட்டு விமானத்தின் உடம்பு தாங்கவில்லை. இரண்டாக முறிந்து, மூக்குக் குப்புற விழுந்தது. மாண்ட்ஸ் அங்கேயே உயிரிழந்தார். கூட இருந்த சாகச நடிகர் பாபி ரோஸ் பலத்த காயத்துடன் பிழைத்தார்.

மிச்சமிருந்த காட்சிகளுக்கு வேறு ஒரு பழைய விமானம் ஃபீனிக்ஸ் வேஷம் போட்டது. படம் முடிந்து, வெளியாகி, ஊர் ஊராக ஓடியது. எங்கோ ஒரு கொட்டகையிலோ, கறுப்பு வெள்ளைப் பெட்டியிலோ அதைப் பார்த்தவர்கள் விமானத்தை மறக்கவில்லை. அதை ஓட்டியவரின் பெயரோ அவர்கள் காதில் விழுந்தே இருக்காது.

படத்தைப் பார்க்கும் சந்தர்ப்பம் கிடைத்தால், 'முற்றும்' என்று வந்தவுடன் விளக்கைப் போட்டு எழுந்துவிடாதீர்கள். இந்தப் படத்துக்காக உயிரைக் கொடுத்த பால் மாண்ட்ஸை நினைவில் வைக்க வேண்டும் என்று கடைசியில் எழுத்தில் காட்டுகிறார்கள். சில விநாடிகள்தான். குழந்தைகளை அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.